உருளைக்கிழங்கு வைத்த சமாதி

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே நான் குரலை உயர்த்திவிடுகிறேன் என்று அம்மா சொல்கிறாள். அதனால் கடிதம். இருமல் நின்றதா? டாக்டரைப் பார். காதை மூடாமல் வெளியே போகாதே.

பொங்கலுக்குப் பிறகு நீ பேசவே இல்லை. பாட்டி திவசத்தன்றுகூட போன் வரவில்லை. ஒன்றாம் தேதி பணம் மட்டும் தவறாமல் வருகிறது. போன வாரம் குடும்ப குரூப்பில் ஒரு வார்த்தை எழுதாமல் ஒரு போட்டோ போட்டிருந்தாய். தரையோடு தரையாக ஒரு கல், அதன்மேல் நாலைந்து உருளைக்கிழங்கு. "சமாதியில் யாராவது கிழங்கு வைப்பார்களா?" என்றாள் அம்மா. எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஜெர்மனியில் போட்ஸ்டாமில், சான்சூசி அரண்மனையில் இருக்கும் பழைய பிரஷ்ய ராஜா இரண்டாம் பிரெடரிக்கின் சமாதி. பிரஷ்யாவில் உருளைக்கிழங்குச் சாகுபடியைப் பரப்பினார் என்று ஜனங்கள் வைத்துவிட்டுப் போகிறார்கள். முப்பத்தொரு வருஷம் சரித்திரம் நடத்தியவனின் பிள்ளை அங்கே போய் நிற்கிறான்! எதிர்வீட்டு மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அப்புறம் ராத்திரி தூக்கம் வரவில்லை. இத்தனை இடம் இருக்க, நீ ஏன் அந்தச் சமாதியை எடுத்து அனுப்பினாய்?

வரம்பற்ற முடியாட்சி பாடம் வந்தால் பிள்ளைகளுக்குப் பதினாலாம் லூயிதான் பிடிக்கும். வெர்சாய், கண்ணாடி மண்டபம், 72 வருஷ ஆட்சி. எனக்குப் பிடித்தவர் பிரெடரிக்கின் அப்பா, முதலாம் பிரெடரிக் வில்லியம். 1713-ல் பட்டத்துக்கு வந்ததும் அரண்மனைச் செலவை வெட்டினார். பட்டும் பீதாம்பரமும் கிடையாது, ராணுவ உடுப்புதான். கணக்கைத் தானே பார்த்தார். சுமார் 38,000 பேர் இருந்த படையை 80,000-க்கு மேல் கொண்டுபோனார், கஜானாவையும் நிரப்பினார். கையில் பிரம்பு. அதிகாரியானாலும் அடி, பெற்ற பிள்ளையானாலும் அடி. "ஒழுங்கு என்றால் இதுதான்" என்று வகுப்பில் சொன்னேன். நீ மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய்.

ஒரு பகுதியை மட்டும் அவசரமாகத் தள்ளிக்கொண்டு போய்விடுவேன். 1730. இளவரசனுக்கு 18 வயது. புல்லாங்குழலும் பிரெஞ்சுப் புத்தகமுமாக இருந்தவனை அப்பா எல்லார் முன்னாலும் அடித்தார். தாங்காமல் இங்கிலாந்துக்கு ஓடப் பார்த்து மாட்டிக்கொண்டான். உடந்தையாக இருந்தவன் அவன் சிநேகிதன் காட்டே, 26 வயது லெப்டினன்ட். இளவரசனை விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று ராணுவ நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. காட்டேவுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ராஜா தீர்ப்பைத் திருப்பி அனுப்பினார். மாற்ற மாட்டோம் என்றார்கள் நீதிபதிகள். என்ன பிரயோஜனம், அந்த நாட்டில் ராஜாவின் கையெழுத்துக்கு மேல் எதுவும் இல்லை. மரண தண்டனை என்று அவரே எழுதினார். நீதி உலகத்தை விட்டுப் போவதைவிட இவன் போவது மேல் என்றார். நவம்பர் 6-ஆம் தேதி, கியூஸ்ட்ரின் கோட்டை. மகனை ஜன்னலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பையன் சிநேகிதனிடம் மன்னிப்புக் கேட்டுக் கத்தினான், மயங்கி விழுந்தான்.

சென்னைக்குப் போனது நீங்கள் இரண்டு பேரும். யோசனை உன்னுடையது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். டிக்கெட் பணம் என் சட்டைப் பையிலிருந்துதான் போயிருந்தது. டிசி அவனுக்கு மட்டும் கொடுத்தேன், அரையாண்டுப் பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது. அவன் அப்பா தையல் மிஷினை விட்டு எழுந்த கையோடு வந்திருந்தார். கழுத்தில் இஞ்சி டேப் தொங்கியது, அதைக் கழற்றக்கூடத் தோன்றாமல் கைகட்டி நின்றார். "சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான்" என்றேன். உன்னை வராண்டாவில், ஜன்னல் ஓரம் நிற்க வைத்தேன். நீ பார்க்கட்டும் என்றேதான் வைத்தேன். உன்னை அடக்க அவனை எடுத்துக்கொண்டேன், தம்பி. அவனுக்குப் படிப்பு அதோடு போயிற்று. நீ முதல் மார்க் வாங்கினாய், நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அன்றிலிருந்து அவன் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை.

பிரெடரிக் 1740-ல் ராஜாவானதும் காட்டேயின் அப்பாவுக்கு பீல்டு மார்ஷல் பட்டம் கொடுத்தான். நான் அந்தத் தையற்காரரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று வருஷக்கணக்காக நினைத்துக்கொண்டே இருந்தேன். போன ஐப்பசியில் அவர் போய்விட்டார்.

இன்னொன்று. தன்னை நாய்களுக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்று பிரெடரிக் எழுதி வைத்திருந்தான். 1786-ல் அவன் இறந்தபோது அதைக் கேட்காமல் அப்பா பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். நீ படம் எடுத்த இடத்துக்கு வந்து சேர்ந்தது 1991-ல். இதெல்லாம் தெரிந்துதான் அனுப்பினாயா என்று போனில் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

டாக்டரிடம் போ. பணம் இந்த மாதம் அனுப்ப வேண்டாம், நல்ல கோட்டு ஒன்று வாங்கிக்கொள். செவ்வாய்க்கிழமை அவன் கடைக்குப் போனேன். அப்பாவின் அதே மிஷினில்தான் தைக்கிறான். எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை தலை குனிந்து காஜா எடுத்துக்கொண்டே இருந்தான். அப்புறம் அவனாகவே நம்பர் எழுதிக் கொடுத்தான், பின்பக்கம் குறித்திருக்கிறேன். "அவனுக்கு இன்னும் குளிர் ஒத்துக்காதா சார்?" என்று கேட்டான்.

காதை மூடிக்கொள்.

அப்பா