அய்யனார் கோயில் புரவித் திருப்பணி: நிறைவு அறிக்கை

தலைக்கட்டு வரி கொடுத்த அனைவருக்கும், வெளியூரிலிருந்து பணம் அனுப்பிய பங்காளிகளுக்கும் கமிட்டியின் வணக்கம்.

இரண்டு பெரிய புரவிகளும் நேர்த்திக்கடன் சிறு உருக்களும் கோயில் வந்து சேர்ந்துவிட்டன. சுற்றுச்சுவரும் பூசியாயிற்று. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கொத்தனார் சொன்ன நாளுக்கு ஒரு மாதம் கழித்து முடித்தார், வழக்கம்போல.

குதிரை கதைதான் பெரிது. முதல் கூட்டத்தில் பாதிப்பேர் சிமென்டில் செய்துவிடலாம் என்றார்கள். ஒரு தடவை செலவு, நம் காலத்துக்கும் நிற்கும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு தப்பில்லை. ஆனால் மண்குதிரை உடைவதால்தான் திரும்பத் திரும்பப் புதுக்குதிரை செய்து புரவி எடுக்கிறோம். எடுப்பதால்தான் மண் வேலை செய்கிற வேளார் வீட்டில் இன்னும் சூளை புகைகிறது. புதுக்கோட்டைப் பக்கம் உள்ள நமணசமுத்திரத்துக்கும் இளங்குடிப்பட்டிக்கும் ஒரு வேன் பிடித்துப் போய், அங்கே அய்யனார் முன்னால் வரிசை வரிசையாக நிற்கும் மண்குதிரைகளைப் பார்த்துவிட்டு வந்தோம். சிமென்ட் பேச்சு அத்தோடு அடங்கியது.

வழக்கப்படி, குதிரை செய்யச் சொல்லும் அடையாளமாக ஒரு பிடி மண் (பிடிமண்) எடுத்து, வெற்றிலை பாக்கோடு வேளார் கையில் கொடுத்தோம். நம் ஊரில் குதிரை செய்கிறவரும் அவர்தான், பூசை வைக்கிறவரும் அவர்தான். கண்மாய் மண்ணுக்கு 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று ஆனதால் அலைச்சல் மிச்சம்.

களிமண்ணை ஊறவைத்து, கல் பொறுக்கி, மணலும் உமியும் கலந்து மிதித்தார்கள். உமி எதற்கு என்று நம் இளவட்டம் ஒன்று கேட்டது. சூளையில் உமி கருகி நுண்ணிய துளைகள் விடும். ஈரம் அந்த வழியாக ஆவியாகிப் போகும், மண் வெடிக்காது. முதலில் நான்கு கால்கள், உள்ளே கூடாக. அவை இறுகிய பிறகுதான் வயிறு. அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றினார், அவசரப்பட்டால் கால் அமுங்கிவிடுமாம். உட்பக்கம் கூழாங்கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டுவார். கனம் எங்கே கூடுதல், எங்கே குறைச்சல் என்று அந்தச் சத்தமே அவருக்குச் சொல்லிவிடும்.

சரி, நடந்த தவற்றையும் சொல்லிவிடுகிறோம். ஒரு குதிரை சூளையில் கழுத்தோடு பிளந்துவிட்டது. நடுவில் மழை பிடித்ததால் காய இன்னும் எட்டு நாள் வேண்டும் என்று வேளார் கேட்டிருந்தார். பத்திரிகை அடித்துவிட்டோம் என்று நெருக்கியது நாங்கள். கழுத்தும் தலையும் புதிதாகச் செய்த செலவைக் கமிட்டிக்காரர்களே போட்டுக்கொண்டோம், பொதுப்பணத்தில் சேர்க்கவில்லை. தேதியும் தள்ளித்தான் போனது.

பெயின்ட் வேண்டாம் என்று சுண்ணாம்பும் காவியும் மட்டும் பூசினோம். குதிரைகளின் கண்ணைத் துணியால் கட்டி, மாலை போட்டுத் தூக்கிவந்து, கோயில் வாசலில் கண் திறந்தோம். தூக்கியவர்களுக்கு மறுநாள் தோள் வீங்கியிருந்தது. அப்புறமும் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

பழைய குதிரைகளின் உடைசலை ஜேசிபி வைத்து அள்ளிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஆதிச்சநல்லூர்த் தாழியும், கீழடியில் பெயர் கீறிய பானை ஓடும் நமக்கு மண்ணுக்குள்ளிருந்துதான் கிடைத்தன. நம் கோயில் உடைசலை நாமே எதற்கு வாரிக் கொட்ட வேண்டும்? கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

வரவு செலவுக் கணக்கைக் கோயில் திண்ணைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். மீதிப் பணத்தில் வேளார் வீட்டுச் சூளைக்குத் தகரக் கூரை போடலாம் என்பது எங்கள் கருத்து. அமாவாசைக் கூட்டத்தில் முடிவு செய்யலாம். திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் வேளாருடைய மகன், லீவு போட்டு வந்து மண் மிதித்தார். அவருக்குத் தனியாக ஒரு வேட்டி துண்டு வாங்கிக் கொடுத்தோம்.

பிள்ளை வரத்துக்கு நேர்ந்துகொண்ட இரண்டு குழந்தை உருக்கள் மட்டும் இன்னும் வேளார் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கின்றன. உரியவர்கள் வந்து எடுத்துப்போய்ச் செலுத்தவும்.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டி