அந்த வைரஸைப் பற்றி நீங்களே பேச்சைத் தொடங்குங்கள்

மதிப்பிற்குரிய புற்றுநோய் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம். ஒருவருடைய புற்றுநோய் எச்பிவி (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) என்ற வைரஸால் வந்தது என்று தெரிந்தால், அது பாலுறவில் பரவும் வைரஸ் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். நாங்கள் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வெட்கத்திலும் பயத்திலும் கேட்காமலேயே வீட்டுக்குப் போய்விடுவோம்.

என் கணவருக்கு நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய். அறிக்கையில் 'பி16 பாசிட்டிவ்' என்று இருந்தது; எச்பிவியால் வந்திருப்பதைக் காட்டும் குறி அது. "வைரஸால் வருகிற வகை, சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும்" என்றார் மருத்துவர். அது உண்மைதான், ஆறுதலாகவும் இருந்தது. ஆனால் எப்படி வந்தது என்பதைப் பிறகு நாங்களாகப் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். யாரிடமிருந்து வந்தது என்று அவரிடம் கேட்க என்னால் முடியவில்லை. என் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. கதிர்வீச்சுக்குப் போய்வந்த நாளெல்லாம் இப்படியே கழிந்தது.

அன்றைக்கே யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்: பாலுறவு வாழ்க்கை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு எப்போதாவது இந்த வைரஸ் வந்துபோகும். பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்குத் தங்கிவிடும். கருப்பை வாய்ப் புற்றுநோயாக மாற வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். நாக்கின் அடிப்பகுதியிலும் தொண்டையிலும் பல ஆண்டுகள் எடுக்கும். ஆகவே எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. இதை வைத்துத் துணை துரோகம் செய்தார் என்று யாரும் முடிவுகட்ட முடியாது.

அடுத்த பயம், எனக்கும் வருமா என்பது. புற்றுநோய் தொற்றாது. நெடுநாள் சேர்ந்து வாழ்பவர்கள் இந்த வைரஸை ஏற்கனவே பகிர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்காக இனிமேல் விலகிப் படுக்கத் தேவையில்லை. துணைவி வழக்கமான கருப்பை வாய்ப் பரிசோதனையை விடாமல் செய்தால் போதும். இவ்வளவும் சொல்ல ஐந்து நிமிடம் ஆகுமா?

கருப்பை வாய்ப் புற்றுநோய் வந்த பெண்களிடம் இன்னும் கவனமாகப் பேசுங்கள். எத்தனை பேருடன் உறவு என்று காரணம் சொல்லாமல் கேட்டால், அது விசாரணையாகத்தான் காதில் விழும். ஒரே ஒருவருடன் மட்டும் வாழ்ந்தவருக்கும் இந்த நோய் வரும் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். கணவரிடமோ மாமியாரிடமோ சொல்லலாமா என்று அந்தப் பெண்ணிடமே கேளுங்கள். வளர்ந்த பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும்போது பேச்சை எடுக்காதீர்கள்.

குரலையும் தாழ்த்த வேண்டாம். புகைப்பதைப் பற்றிக் கேட்கிற அதே குரலில் இதையும் பேசுங்கள். நீங்கள் தயங்கினால், நாங்கள் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்றுதான் நினைப்போம். இந்த வைரஸுக்கும் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்ததற்காக 2008இல் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு நோபல் பரிசே கொடுத்தார்கள். நோயாளியிடம் மட்டும் ஏன் அது ரகசியமாக இருக்க வேண்டும்?

அப்புறம், முதல் நாளில் புற்றுநோய் என்பதைத் தவிர வேறெதுவும் மனதில் நிற்காது. அடுத்தடுத்து வரும்போதும், "வைரஸைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். கூட வந்த துணையிடமும் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மனைவி