பாப்பா, அதை ஃபார்மட் போடக் கொடுக்காதே

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ பேசி வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. மூடி வைத்த லேப்டாப் நாலு நாளாக விழிக்கவில்லை, ப்ராஜெக்ட் ரிப்போர்ட் உள்ளே கிடக்கிறது, கடைக்காரர் ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அழுதாய். நாலு நாள் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தாயே என்பதுதான் எனக்கு வருத்தம். சரி, அது போகட்டும். போனில் சொன்னால் பாதிதான் காதில் விழும், மீதி பதற்றத்தில் போய்விடும். அதனால் உட்கார்ந்து டைப் அடித்து அனுப்புகிறேன். லேப்டாப்பை முன்னால் வைத்துக்கொண்டு நிதானமாகப் படி.

முதலில், அதை ஃபார்மட் போட இன்றைக்குக் கொடுக்காதே. ஃபார்மட் என்றால் டிஸ்க்கில் இருப்பதை எல்லாம் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. அதில் லேப்டாப் எழுந்தாலும் எழலாம். ஆனால் நீ கேட்பது லேப்டாப்பை இல்லையே, அதற்குள் இருக்கிற அந்த மூன்று அத்தியாயங்களைத்தானே. எதையும் இழக்காத வேலைகளை முதலில் செய். ஏதாவது போய்விடக்கூடிய வேலையை அப்புறம் செய். எல்லாமே போகிற வேலை கடைசிக்கும் கடைசி. இத்தனை வருஷம் டிடிபி வேலையில் நான் கடைப்பிடித்த வரிசை இதுதான்.

என்ன நடந்திருக்கும் என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். ராம் என்பது நாங்கள் கம்போஸ் செய்கிற பலகை மாதிரி. கரண்ட் இருக்கும் வரைதான் அதில் எழுத்து நிற்கும். ஸ்லீப்பில் போட்டால் அந்தப் பலகைக்கு மட்டும் கொஞ்சம் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். பேட்டரி தீர்ந்தால் பலகை துடைத்த மாதிரி ஆகிவிடும். ஹைபர்னேட் அப்படி இல்லை. பலகையில் இருந்ததைச் சுருக்கி, சி டிரைவில் ஹைபர்ஃபில் என்ற பெரிய ஃபைலில் எழுதிவிட்டு மெஷின் முழுக்க அணைந்துவிடும். 8 ஜிபி ராம் என்றால் அந்த ஃபைலுக்கு விண்டோஸ் சுமார் 3 ஜிபி இடத்தை எடுத்து வைத்திருக்கும். பேட்டரி தீர்ந்தாலும் பிளக்கைப் பிடுங்கினாலும் அது அழியாது. உன்னுடையது நாலு நாளாகப் பையில் கிடந்தது என்பதற்காகப் பயப்பட வேண்டாம். சார்ஜ் தீரப்போகும்போது தானாக ஹைபர்னேட்டுக்குப் போவதுதான் லேப்டாப்பில் வழக்கமான ஏற்பாடு. அப்படிப் போயிருந்தால் நீ விட்ட வரி விட்ட இடத்தில் இருக்கும்.

ஆனால் அதை எழுப்புவது ஒரே ஆள் செய்கிற வேலை இல்லை. பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடுகிற புரோகிராம்), விண்டோஸ், டிரைவர்கள் (ஒவ்வொரு பாகத்தையும் இயக்குகிற சின்னப் புரோகிராம்கள்), டிஸ்க், திரை என்று எல்லாம் கைமாற்றிக் கைமாற்றிச் செய்ய வேண்டும். யார் எப்போது என்ன செய்வது என்று 1996-ல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஒரு முறை வகுத்தார்கள். ஏசிபிஐ என்பார்கள். அதில் ஸ்லீப்புக்கு எஸ் 3 என்றும் ஹைபர்னேட்டுக்கு எஸ் 4 என்றும் பெயர். அந்தச் சங்கிலியில் ஒருவர் தவறினாலும் உனக்குத் தெரிவது கறுப்புத் திரை மட்டும்தான். அதைப் பார்த்துவிட்டு எல்லாம் போச்சு என்று முடிவு கட்டக்கூடாது. நான் ஒரு தடவை அப்படி முடிவு கட்டி அழுதிருக்கிறேன்.

2012, ஆடி மாதம். நீ அப்போது மூன்றாம் வகுப்பு. சிவகாசியில் ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள், அதனால் அந்த மாதம் பிரஸ்ஸில் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. அந்த வருஷம் மின்வெட்டு எப்படி இருந்தது என்று உனக்கு நினைவிருக்கும், சிம்னி விளக்கில் வீட்டுப்பாடம் எழுதினாயே. தினசரிக் காலண்டருக்கு ராகு காலம், எமகண்டம் அட்டவணையைப் பேஜ்மேக்கரில் அடித்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது, அது பத்து நிமிஷம்கூடத் தாங்காது. ஹைபர்னேட்டில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். காலையில் போய்ப் போட்டால் சிபியூவில் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. இரண்டு நாள் வேலை போய்விட்டது என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிளேட் போடுகிற அண்ணன் ஒருவர் வந்து, கையில் இருந்த டார்ச்சைத் திரைக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். வெளிச்சம் விழுந்த இடத்தில் மங்கலாக ஒரு கட்டம் தெரிந்தது. இன்னும் குனிந்து பார்த்தேன். புதன்கிழமைக்கு நேரே 12.00 – 1.30. பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. மெஷின் எப்போதோ விழித்துவிட்டது பாப்பா. மானிட்டருக்குள் பின்னால் எரிகிற விளக்குதான் போயிருந்தது. அந்த டார்ச் வெளிச்சத்திலேயே கன்ட்ரோல் எஸ் அடித்தேன். அப்புறம் பக்கத்து மேஜை மானிட்டரைக் கழற்றி மாட்டி வேலையை முடித்தோம்.

சார்ஜரைப் போட்டால் விளக்கு எரிகிறது, ஃபேன் சத்தமும் கேட்கிறது, திரை மட்டும் வரவில்லை என்று நீ சொன்னதும் எனக்கு அந்தக் காலைதான் ஞாபகம் வந்தது.

இப்போது நீ செய். சார்ஜரை எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகாமல் நேரே சுவரில் போட்டு அரை மணி நேரம் விடு. பென் டிரைவ், மவுஸ், மெமரி கார்டு எது மாட்டியிருந்தாலும் எடுத்துவிடு. சில சமயம் விழிக்கிற நேரத்தில் இவற்றில் ஒன்று குறுக்கே நிற்கும். பிறகு பவர் பட்டனை ஒரே ஒரு தடவை, சும்மா தொட்டு எடுப்பது மாதிரி அழுத்து. அப்புறம் கையை எடுத்துவிட்டு வேடிக்கை பார். உன் லேப்டாப் சித்தப்பா கொடுத்த பழசு, உள்ளே இருப்பது சுழல்கிற ஹார்ட் டிஸ்க். இரண்டு மூன்று ஜிபியை அதிலிருந்து படித்து ராமில் நிரப்ப நேரம் பிடிக்கும். டிஸ்க் விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். இருபது நிமிஷம் கொடு. அந்த இருபது நிமிஷம் ரொம்ப நீளமாகத் தெரியும், கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வா.

அப்படியும் கறுப்பாகவே இருந்தால் கேப்ஸ் லாக்கைத் தட்டு. கீ-போர்டில் அதன் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார். எரிந்தால் விண்டோஸ் உயிரோடு இருக்கிறது, கோளாறு திரைப் பக்கம்தான். அப்போது விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு பி (B) அடி. டிஸ்ப்ளே டிரைவரை மட்டும் மறுபடி கிளப்புகிற வழி இது, திறந்திருக்கிற எதையும் மூடாது. ஒரு பீப் கேட்கலாம். பிரைட்னஸ் கீயையும் ஏற்றிப் பார். பிறகு உன் போன் டார்ச்சை அந்த அண்ணன் பிடித்த மாதிரி சாய்வாகப் பிடி, அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார். மங்கலாக ஏதாவது தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு எனக்கு போன் போடு. எதுவும் தெரியாவிட்டால் ஹாஸ்டல் ஹாலில் இருக்கிற டிவிக்கு லேப்டாப்பைத் தூக்கிப் போய் ஹெச்டிஎம்ஐ கேபிள் மாட்டு. விண்டோஸ் கீயோடு பி (இது P) அடித்தால் படம் எந்தத் திரைக்குப் போக வேண்டும் என்று மாற்றிக்கொண்டே வரலாம்.

இதுவரை சொன்ன எதிலும் உனக்கு ஒரு எழுத்துகூட நஷ்டம் இல்லை.

கேப்ஸ் லாக் விளக்கு அசையவே இல்லை, டிஸ்க் விளக்கும் மினுங்கவில்லை என்றால் மட்டும் அடுத்த படிக்குப் போ. பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி விடாமல் அழுத்திப் பிடித்தால் மெஷின் அணைந்துவிடும். இதுவரை நீ அப்படிச் செய்யவில்லை என்று சொன்னாய், நல்ல காரியம். ஏனென்றால் இதைச் செய்தால் திறந்து வைத்து சேவ் செய்யாதது போகலாம். டிஸ்க்கில் சேவ் ஆனது எதுவும் இதனால் அழியப்போவதில்லை, அதையும் நினைவில் வை. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அழுத்து, ஒரு நிமிஷம் விட்டுவிட்டு மறுபடி சார்ஜரைப் போட்டு ஆன் செய்.

ஆன் ஆகி நீல நிறத்தில் ரெக்கவரி பக்கம் வந்தால் அதில் ரீசெட் என்று இருப்பதைத் தொடவே தொடாதே. ஸ்டார்ட்அப் ரிப்பேர் கொடுக்கலாம். டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் என்று சொல்லி 48 இலக்கச் சாவி கேட்டாலும் பதறாதே. நீ அந்த லேப்டாப்பில் எந்த மெயில் கணக்கில் நுழைந்தாயோ, அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கைப் போனில் திறந்தால் பெரும்பாலும் அதிலேயே சாவி இருக்கும்.

உள்ளே நுழைந்துவிட்டால், கோளாறு ஏன் வந்தது என்று தேடப் போகாதே. முதல் வேலை காப்பி எடுப்பது. ப்ராஜெக்ட் ஃபோல்டர் முழுவதையும் பென் டிரைவில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று. வேர்டைத் திறந்தால் இடது பக்கம் மீட்டெடுத்த ஃபைல்கள் வரலாம். வரவில்லை என்றால் ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டாக்குமென்ட் என்று போ, சேவ் ஆகாதவற்றை மீட்கிற வழி அங்கே இருக்கிறது. வேர்ட் நாம் ஒன்றும் சொல்லாவிட்டாலும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தானாக ஒரு பிரதி எடுத்து வைக்கும். அதனால் மூன்று அத்தியாயமும் போவதற்கு வழியே இல்லை. மிஞ்சிப் போனால் கடைசிப் பத்தி போகும், அதை நீ ஒரே உட்காரலில் எழுதிவிடுவாய்.

காப்பி எடுத்த பிறகு, கெட்டுப்போன ஹைபர்ஃபில் ஃபைலைப் புதிதாக்க வேண்டும். கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திற. ஆங்கிலத்தில் பவர் என்று அடித்து அதோடு ஒட்டி சி, எஃப், ஜி. ஒரு இடைவெளி, சாய்வுக்கோடு, ஹெச், மறுபடி இடைவெளி, ஆஃப். என்டர் தட்டினால் பழைய ஃபைல் அழியும். ரீஸ்டார்ட் செய்துவிட்டு அதே வரியில் ஆஃபுக்குப் பதிலாக ஆன் அடி, புது ஃபைல் உண்டாகும். சி டிரைவில் இடம் நெருக்கடியாக இருந்தால் பழைய வீடியோக்களை எடுத்துவிடு. டிஸ்ப்ளே டிரைவரை லேப்டாப் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கு.

இன்னொன்று. நீ தினமும் ஷட் டவுன் கொடுப்பதாகச் சொல்வாய். 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் போட்டிருந்தால் ஷட் டவுன் முழு ஷட் டவுன் இல்லை. நீ திறந்த புரோகிராம்களை மூடிவிட்டு, விண்டோஸின் உள்பகுதியை மட்டும் அதே ஃபைலில் எழுதி வைத்துவிடும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் சுத்தமாகப் புதிதாகத் தொடங்கும். டிரைவர் போட்ட பிறகு நான் ரீஸ்டார்ட் சொன்னால் ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும்.

எதுவுமே பலிக்காவிட்டால் வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வீட்டுக்கு எடுத்து வா. டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி கேபிளில் மாட்டி, என் மெஷினில் வைத்து ஃபைல்களை நானே காப்பி எடுத்துத் தருகிறேன். அதில் புதிதாக எதையும் எழுத மாட்டேன், படிக்க மட்டும் செய்வேன். கைடிடம் இரண்டு நாள் அவகாசம் கேள், உள்ளதைச் சொல்லிக் கேட்டால் கொடுப்பார்.

அப்பா உனக்குப் பூண்டு ஊறுகாய் வாங்கி வைத்திருக்கிறார். வராவிட்டால் பார்சலில் அனுப்புகிறோம். சாப்பிட்டுவிட்டு உட்கார், வெறும் வயிற்றோடு இந்த வேலையைத் தொடாதே.

சாயந்திரம் ஆறரைக்கு நான் பிரஸ்ஸிலிருந்து வந்துவிடுவேன். கேப்ஸ் லாக் விளக்கு எரிந்ததா இல்லையா என்று ஒரு வரி போடு.

அன்புடன்,
அம்மா