அட்டவணைகளை இணைக்கும்போது விடுபட்டுப் போகும் ஊர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாவட்டவாரியாகவும் மண்டலவாரியாகவும் தங்கள் நாளிதழ் வெளியிடும் புள்ளிவிவர அட்டவணைகளை நான் என் வகுப்பில் பாடமாகவே பயன்படுத்தி வருகிறேன். சென்னையில் ஒரு கல்லூரியில் பட்டப்படிப்பு மாணவியருக்குப் புள்ளியியல் கற்பிப்பவள் என்ற முறையில், இத்தகைய அட்டவணைகளை வெளியிடும் அலுவலகங்களுக்கும் தங்களுக்கும் ஒரு வேண்டுகோள் விடுக்க விரும்புகிறேன். ஊர்ப் பெயரை மட்டும் அச்சிடாமல், அதற்குரிய குறியீட்டு எண்ணையும், அந்தக் கணக்கு எந்த ஆண்டின் எல்லையைக் கொண்டு எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டும்.

இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. சென்ற பருவத்தில் மூன்று மாணவியர் சென்னை மாநகராட்சியின் 15 மண்டலங்களைப் பற்றி ஒரு செயல்திட்டம் செய்தார்கள். மக்கள்தொகை ஓர் அட்டவணையிலும், அன்றாடம் சேரும் குப்பையின் எடை இன்னோர் அட்டவணையிலும், பூங்காக்களின் எண்ணிக்கை மூன்றாவதிலும் இருந்தன. மண்டலப் பெயரை வைத்து மூன்றையும் ‘ஆர்’ என்ற புள்ளியியல் கணினி மொழியில் ஒன்றாக்கினார்கள். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய அந்த மொழி எவரும் இலவசமாக நிறுவிக்கொள்ளக் கூடியது என்பதால், எங்களைப் போன்ற கல்லூரிகளுக்குப் பெரிய உதவியாக இருக்கிறது. அதிலுள்ள ‘மெர்ஜ்’ கட்டளை ஒரு நேரத்தில் இரண்டு அட்டவணைகளைத்தான் இணைக்கும். அதற்கு மேல் இருந்தால், எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக்கி ‘ரெட்யூஸ்’ என்ற கட்டளையிடம் கொடுத்துவிடலாம். அது முதலிரண்டை இணைத்து, வந்த விடையோடு மூன்றாவதை இணைத்து, அப்படியே கடைசிவரை கொண்டுபோய்விடும். மாணவியர் அப்படித்தான் செய்தார்கள். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, பட்டை வரைபடமும் அழகாக வந்தது, நானும் பார்த்துவிட்டுச் சரி என்றேன். திருவொற்றியூரிலிருந்து வகுப்புக்கு வரும் மாணவி ஒருத்தி, “எங்க ஏரியாவைக் காணோமே, மிஸ்?” என்று கேட்ட பிறகுதான் பட்டைகளை எண்ணினோம். 12 மட்டுமே இருந்தன.

விடுபட்டவை திருவொற்றியூர், கோடம்பாக்கம், சோழிங்கநல்லூர் ஆகிய மூன்றும். ‘அண்ணா நகர்’ என்று பிரித்தும் ‘அண்ணாநகர்’ என்று சேர்த்தும் எழுதப்பட்டிருந்ததை மாணவியர் முன்பே திருத்தியிருந்தார்கள்; ஆனால் இந்த மூன்று பெயர்களில் கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. ‘கோ’ என்பதைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். இரட்டைக் கொம்பையும் காலையும் இரண்டு குறியீடுகளாக அடுத்தடுத்தும் வைக்கலாம். ‘சோ’வுக்கும் ‘வொ’வுக்கும் இதே நிலைதான். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எழுத்துகளுக்குக் குறியீடு வகுக்கும் யூனிகோடு விதிப்படியும் இரண்டும் சமமானவையே. ஆனால் ‘மெர்ஜ்’ அந்தச் சமத்துவத்தைப் பார்ப்பதில்லை. குறியீடு வேறாக இருந்தால் ஊரும் வேறு என்று எடுத்துக்கொள்கிறது. மூன்று அட்டவணைகளில் ஒன்று பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்டது, அதனால் நேர்ந்தது இது. ‘ஆர்’ மொழிக்கான ‘ஸ்ட்ரிங்ஐ’ என்ற தொகுப்பில் இவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் கட்டளை இருக்கிறது. அதை ஓட்டியதும் 15 மண்டலங்களும் வந்து சேர்ந்தன. தமிழில் தரவு வெளியிடும் ஒவ்வொருவரும் இதை அறிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பொருந்தாத வரிகளை ‘மெர்ஜ்’ சொல்லாமலே கைவிட்டுவிடுவது அதன் இயல்பான அமைப்பு. ‘ஆல்’ என்ற தெரிவை நாமாக இயக்கினால்தான் அவை வெற்றிடத்தோடாவது நிற்கும். எந்தப் பத்தியை (நெடுவரிசையை) வைத்து இணைப்பது என்று நாம் சொல்லாவிட்டால், இரண்டு அட்டவணைகளிலும் ஒரே பெயரில் உள்ள எல்லாப் பத்திகளையும் அது ஒப்பிடும். ‘மொத்தம்’ என்ற பத்தி இரண்டிலும் இருந்துவிட்டால் ஒரு வரிகூட மிஞ்சாமல் போகலாம். ஒரே பெயர் ஒன்றில் இரு முறையும் மற்றொன்றில் மூன்று முறையும் வந்தால் 6 வரிகளாகப் பெருகும். இணைப்பதற்கு முன்னும் பின்னும் வரிகளை எண்ணிப் பார்த்தால் இவை பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

எண்ணிப் பார்த்தும் பிடிபடாத ஒன்றைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் இருந்தன, இன்று 38 இருக்கின்றன. கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகியவை 2019-லும், மயிலாடுதுறை 2020-லும் பிரிந்தன. பழைய மக்கள்தொகையோடு புதிய அட்டவணை எதையேனும் இணைத்தால் இந்த ஆறும் பொருந்தாமல் நிற்பதை எவரும் கண்டுகொள்வார்கள். விழுப்புரமோ பெயரளவில் கச்சிதமாகப் பொருந்திவிடும். அங்கே மக்கள்தொகைப் பத்தியில் நிற்பது கள்ளக்குறிச்சியையும் உள்ளடக்கிய பழைய விழுப்புரம். பக்கத்துப் பத்தியில் நிற்பது பிரிவுக்குப் பிந்தைய விழுப்புரம். வேலூர், திருநெல்வேலி, காஞ்சிபுரம், நாகப்பட்டினம் ஆகியவற்றுக்கும் இதுவே நேரும்.

நம் சென்னையைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 46,46,732. அது ஏறத்தாழ 175 சதுர கிலோமீட்டர் பரப்பில் வாழ்ந்தவர்களின் கணக்கு. மாநகராட்சி அதே ஆண்டில் 426 சதுர கிலோமீட்டராக, 200 வார்டுகளாக விரிவடைந்தது. மாவட்ட எல்லை அதற்கேற்ப மாற்றப்பட்டது 2018-ல்தான். எனவே இன்றைய மாநகரின் குப்பையை அந்த 46 லட்சத்தால் வகுத்துத் தலைக்கு இவ்வளவு என்று எழுதினால், அம்பத்தூர்க்காரர்களின் குப்பை கணக்கில் இருக்கும், அம்பத்தூர்க்காரர்கள் இருக்கமாட்டார்கள். அவர்களைக் கணக்கெடுப்பு திருவள்ளூர் மாவட்டத்தில் எண்ணியது. சோழிங்கநல்லூர் மக்களைக் காஞ்சிபுரத்தில் எண்ணியது. இத்தகைய கணக்கை மாணவியர் தேர்வுத்தாளில் எழுதினால் மதிப்பெண்ணைக் குறைக்கலாம். செய்தியாக அச்சாகிவிட்டால் மக்கள் அதை நம்பிவிடுகிறார்கள்.

மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் பராமரிக்கும் உள்ளாட்சி அடைவில் (லோக்கல் கவர்ன்மென்ட் டைரக்டரி) ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனி எண் இருக்கிறது. மாநகராட்சியின் மண்டலங்களுக்கும் வார்டுகளுக்கும் வரிசை எண் இருக்கிறது. அட்டவணையில் இதற்கு ஒரு பத்தி கூடுதலாக ஒதுக்கினால் போதும். எல்லை ஆண்டை அட்டவணையின் அடியில் ஒரே வரியில் குறித்துவிடலாம். தங்கள் நாளிதழில் அடுத்து வரும் மாவட்டவாரி அட்டவணையிலேயே இதைத் தொடங்கினால், அதை எங்கள் ஆய்வகத்தில் மாணவியரைக் கொண்டு பழைய கணக்கெடுப்போடு இணைத்துப் பார்த்து, எத்தனை மாவட்டங்கள் உண்மையாகவே பொருந்தின என்பதைத் தங்களுக்கு எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
புள்ளியியல் ஆசிரியை,
பெரம்பூர், சென்னை.