எந்த ஆற்று மீன் என்று சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆற்று மீன் சாப்பிட்டால் என்னென்ன நன்மை என்று போன இதழில் பெரிய பட்டியலே போட்டிருந்தீர்கள். புரதம், ஒமேகா-3 எல்லாம் சரி, ஆனால் எந்த ஆற்று மீன்? நான் வடசென்னைக்காரன். எங்களுக்கு ஆறு என்றால் எண்ணூரில் கடலில் சேரும் கொசஸ்தலைதான். அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய் உடைந்து ஆற்றில் கலப்பதும், மணலிப் பக்கத்துக் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து சேருவதும் பல வருடக் கதை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து படகு, வலை, அலையாத்தி என்று எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டதை நாடே பார்த்தது.

அதிலிருந்து எங்கள் மார்க்கெட்டில் "எந்த ஊர் நண்டும்மா?" என்று கேட்டால் ஒரே பதில்தான்: "பழவேற்காடு நண்டு சார்." அந்தம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், எண்ணூர் என்று சொன்னால் கூடையைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். சேற்றுத் தண்ணியில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் வீடுகளில், விற்காமல் மிஞ்சுவது அன்றைய குழம்பாகிவிடும். ஆற்று மீனை அதிகம் சாப்பிடுகிறவர்கள் இவர்கள்தான், உங்கள் கட்டுரையைப் படிக்கிறவர்கள் இல்லை.

2018-ல், மீன் கெடாமல் இருக்கப் போடுகிற ஃபார்மலின் என்ற ரசாயனத்தைப் பற்றிய பயம் வந்தபோது மீன் மார்க்கெட்டுகளில் சோதனை நடந்தது. அது மீன் செத்த பிறகு மேலே போடுகிற சமாசாரம். உயிரோடு இருக்கும்போதே சதைக்குள் ஏறுகிற பாதரசத்தைச் செவுளைத் தூக்கிப் பார்த்தெல்லாம் கண்டுபிடிக்க முடியாது, மஞ்சள் உப்பு போட்டு எத்தனை தடவை அலசினாலும் போகாது. ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவில், பாதரசம் ஏறிய மீனைச் சாப்பிட்டவர்களின் நரம்பைக் கெடுத்த நோய் 1956-ல் தெரியவந்தது; அதே நோய் 1965-ல் அகானோ ஆற்றங்கரையிலும் வந்தது, அது ஆற்று மீனால். மினமாட்டாவில் தாய்க்குப் பெரிதாக ஒன்றும் இல்லாமல் வயிற்றுப் பிள்ளை மட்டும் பாதிக்கப்பட்டுப் பிறந்ததும் உண்டு. கர்ப்பிணிகள் தாராளமாகச் சாப்பிடலாம் என்று நீங்கள் ஒரே வரியில் முடித்ததுதான் எனக்கு உறுத்தியது.

அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் இரண்டு ஆலைகள் 1947-லிருந்து 1977 வரை பிசிபி என்ற ரசாயனத்தைக் கலந்துவிட்டன. 2009-லிருந்து 2015 வரை அடிச்சேற்றை அள்ளியும், மேல் பகுதி மீனை யாரும் சாப்பிடாதீர்கள் என்றுதான் நியூயார்க் சுகாதாரத் துறை சொல்கிறது. கீழே வரவர எந்த மீன், மாதம் எத்தனை தடவை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எவ்வளவு என்று பிரித்தே சொல்லிவிடுகிறார்கள். பிசிபி கொழுப்பில் தங்கும், அதனால் தோலையும் கொழுப்பையும் நீக்கிவிட்டுச் சமைக்கச் சொல்கிறார்கள் (பாதரசத்திடம் இந்த வித்தை பலிக்காது, அது சதையிலேயே இருக்கும்). நண்டுக்கு என்ன சொல்கிறார்கள் தெரியுமா? ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சளைச் சாப்பிடாதே, வேகவைத்த தண்ணியைக் கொட்டிவிடு. காட்மியம் என்ற நச்சு உலோகமும் பிசிபியும் அந்த மஞ்சளில்தான் சேர்கின்றன. நாமோ சளிக்கு நல்லது என்று நண்டை இடித்து ரசம் வைக்கிறோம், அந்த மஞ்சளை முதல் வாயாகக் குழந்தைக்கு ஊட்டுகிறோம்.

எண்ணூர் மீனெல்லாம் விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. மடவையில் ஒரு அளவு இருக்கும், கொடுவாவில் வேறு அளவு இருக்கும். உணவில் மெத்தில் பாதரசம் (மீன் சதையில் சேருகிற பாதரச வகை) கிலோவுக்கு 0.25 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே வரம்பு வைத்திருக்கிறது, வரம்பு வைத்தவர்கள் அளந்தும் சொல்ல வேண்டாமா? மீன் வாரியாகச் சோதித்து, முடிவைத் தமிழில் மார்க்கெட்டிலும் ரேஷன் கடையிலும் ஒட்டட்டும். சாப்பிடக்கூடாது என்று முடிவு வந்தால், மீனவர்கள் இழக்கிற வருமானத்தை ஆற்றைக் கெடுத்தவர்களிடம் வாங்கிக் கொடுக்க வேண்டும், அது இல்லாவிட்டால் சோதனையே வேண்டாம் என்று அவர்கள் சொல்வார்கள், அதில் தப்பும் இல்லை. அப்புறம், நண்டைச் சோதிக்கும்போது கால் சதையை மட்டும் எடுத்துக்கொண்டு போகாமல் மஞ்சளையும் தனியாக எடுத்துப் பார்க்கச் சொல்லி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருவொற்றியூர்