ஜீப் நடுக்கம் நின்றது

காட்பாடி

அன்புள்ள மாப்பிள்ளை,

ரொம்ப நாளாய் எழுதவில்லை என்று கோபிக்காதே. வீட்டில் எல்லோரும் சுகம். பெரியவளுக்கு வரன் பார்க்கிறோம், அதை நேரில் சொல்கிறேன். இப்போது எழுதுவது ஜீப்புக்காக. "கிழட்டு வண்டி, எடைக்குப் போடு" என்று வரதன் கல்யாணத்தில் அத்தனை பேர் முன்னால் சொன்னாயே, அந்த வண்டி இப்போது அறுபதில் ஆடாமல் அசையாமல் போகிறது. ஒடுகத்தூரில் உன்னைக் கயிறு கட்டி இழுத்ததும் இதே வண்டிதான், ஞாபகம் இருக்கட்டும்.

பின் ஸ்பிரிங் பட்டையைத் தூக்கிக் கட்டி, அதைச் சட்டத்தோடு சேர்க்கும் ஷாக்கிளையும் நீளமாகப் போட்டு வாங்கியதிலிருந்துதான் தொல்லை. ஆலங்காயத்திலிருந்து காவலூர் ஏறும்போது ஒன்றும் தெரியாது. பெங்களூர் ரோட்டில் ஐம்பதைத் தாண்டினால் சீட்டுக்கு அடியில் 'கிர்ர்' என்று ஒரு நடுக்கம். பட்டை வேலை செய்த கடையில் டயர் என்றார்கள். பேலன்ஸிங் செய்தும் போகவில்லை. அப்புறம் இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் என்றார்கள். கடைசியில் "வயசான வண்டி சார்" என்றார்கள். எனக்கு அந்தப் பேச்சுதான் பிடிக்கவில்லை. பட்டை மாற்றுவதற்கு முந்தின நாள் வரை வயசாகாத வண்டிக்கு மறுநாள் எப்படி வயசாகும்?

நம்ம மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனேன். பள்ளிகொண்டா தாண்டி ரோடு காலியாக இருந்த இடத்தில், அறுபதில் போகும்போதே நியூட்ரலுக்குத் தள்ளச் சொன்னார். இன்ஜின் சத்தம் இறங்கியது, நடுக்கம் இறங்கவில்லை. அப்போதே இன்ஜினும் மவுண்டும் கணக்கிலிருந்து போய்விட்டன. ஸ்டியரிங் ஆடாமல் தரை மட்டும் அதிர்ந்ததால் முன் டயர் மேலும் சந்தேகமில்லை. என் எம்எம் 540 ஜீப்பில் முன் வீலைப் பிரித்துவிடும் ஃப்ரீ வீல் ஹப் கிடையாது, பின் வீல் இரண்டை மட்டும் இழுக்கவிட்டு டூ-வீலில் ஓட்டினாலும் முன் வீலுக்குச் சுழற்சி கொண்டுபோகும் முன் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினோம். அப்போதும் அதே நடுக்கம். ஆக, பின் ஷாஃப்ட்.

பாய் சாக்கை விரித்துக் கீழே படுத்தார். ஷாஃப்ட் நீண்டு சுருங்குவதற்கு இருக்கும் ஸ்லிப் ஜாயின்ட் மேலிருந்த சேற்றைச் சுரண்டினால், ஒரு பக்கம் ஒன்றும் மறு பக்கம் ஒன்றுமாக இரண்டு அம்புக்குறி. அவை நேருக்கு நேர் நிற்க வேண்டும். பட்டை வேலைக்காகக் கழற்றியவர்கள் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறார்கள். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் கூட்டல் குறி மாதிரி இருக்கும் மூட்டுதான் கிராஸ். அது சாய்வில் சுற்றினால் ஷாஃப்டின் வேகம் ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை அடுத்த முனையில் இருக்கும் கிராஸ் சரிசெய்ய வேண்டும். அதற்கு, கிராஸைப் பிடிக்கும் கவையான யோக் இரண்டு முனையிலும் ஒரே வாக்கில் இருக்க வேண்டும், இரண்டு பக்கச் சாய்வும் ஒன்றாக இருக்க வேண்டும். நீள ஷாக்கிளால் அந்தச் சாய்வும் கெட்டிருந்தது. போனை வைத்தே சாய்வை அளந்து பார்த்தோம். ஷாஃப்டின் முன் முனை மாட்டும் டிரான்ஸ்பர் கேஸ் ஃபிளேஞ்சுக்கும், பின் முனை மாட்டும் பினியன் ஃபிளேஞ்சுக்கும் 4 டிகிரி வித்தியாசம். ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்பு ஆப்பு வைத்து 1 டிகிரிக்குள் கொண்டுவந்தார். கிராஸையும் மாற்றினோம். பழையது கிரீஸ் காணாமல் வறண்டு, அதன் நுனியை மூடும் கப்பைக் கழற்றியதும் செங்கல் தூள் மாதிரி துரு கொட்டியது. ஊசி பேரிங் பதிந்த தடம் விரல் நகத்தில் தட்டியது.

அந்தத் துருவைப் பார்த்ததும் உன் வண்டி நினைவுதான் வந்தது. கியர் போட்டுக் கிளப்பும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வருகிறது என்றாயே, அதைச் சும்மா விடாதே. கிராஸ் உடைந்து ஷாஃப்டின் முன் முனை கழன்று ஓட்டத்தில் ரோட்டில் குத்தினால் வண்டி என்ன ஆகும் என்று யோசி. அந்த வண்டியில்தானே அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறாய். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, ஷாஃப்டைக் கையால் பிடித்து முறுக்கிப் பார். கிராஸ் கப்பில் ஆட்டம் தெரிந்தாலோ, கப் ஓரத்தில் செம்பழுப்புத் தூள் இருந்தாலோ அதற்கப்புறம் ஓட்டாதே. கழற்றுவதற்கு முன்னால், திரும்ப அதே வாக்கில் மாட்டுவதற்கு இரண்டு பக்கமும் பெயின்டில் கோடு போடச் சொல், மறந்துவிடாதே.

பார்த்துவிட்டு அன்றைக்கே போன் பண்ணு. ஆட்டம் இருந்தால் கிராஸ் வாங்கிக்கொண்டு பாயையும் கூட்டிக்கொண்டு நானே வருகிறேன்.

அன்புடன்,
சேகர்