உருளைக்கிழங்குக்குன்னே விக்கிற இயற்கை உரத்துல சுண்ணாம்பும் சாம்பலும் எதுக்கு? – புகார்

வணக்கம் சார் / மேடம்,

உங்க ‘உருளைக்கிழங்கு ஸ்பெஷல்’ இயற்கை உரம் வாங்கிப் போட்ட கஸ்டமர் நான். கஸ்டமர் கேர்ல போன்ல சொல்லி ஒண்ணும் நடக்கல, அதான் எழுத்துலயே அனுப்புறேன்.

உங்க உரம் போட்ட பாத்தியில வந்த கிழங்கு பூராவும் சொறி. தோல் தடிச்சு, அங்கங்க வெடிச்சு, நகத்தால சுரண்டினா பொடியா உதிருது. பக்கத்துப் பாத்தியில நானே மட்க வச்ச எரு போட்டேன், அதே விதைக்கிழங்கு, ஒரே நாள்ல நட்டது, அங்க கிழங்கு சுத்தமா வந்திருக்கு. "தண்ணி கம்மியா விட்டிருப்பீங்க"ன்னாரு உங்க ஆளு. கிழங்கு கட்டுற நேரத்துல மண்ணு காஞ்சா சொறி வரும்தான், ஆனா ரெண்டு பாத்திக்கும் ஒரே பைப்புலதானே தண்ணி போகுது, இங்க மட்டும் எப்படி காயும்?

மிச்சமிருந்த மூட்டையைக் கொட்டிப் பார்த்தேன். உள்ள கை வச்சா சூடு, மூக்கைத் துளைக்கிற அம்மோனியா நெடி, வைக்கோல் வைக்கோலாவே கிடக்கு, நடுநடுவுல வெள்ளைக் கட்டி. அந்தக் கட்டி மேல வினிகர் ஊத்தினா புஸ்ஸுனு பொங்குது. சுண்ணாம்பு! கரித்துண்டும் இருக்கு, அப்போ சாம்பலும் கலந்திருக்கீங்க. மூட்டை மேல "நன்கு மட்கியது"ன்னு மட்டும் பெருசா போட்டிருக்கு, உள்ள என்ன இருக்குன்னு ஒரு வரி கிடையாது.

சுண்ணாம்பும் சாம்பலும் மண்ணோட பிஹெச்சை (புளிப்பு, அதாவது அமிலத்தன்மை காட்டுற அளவு, எண் குறைஞ்சா புளிப்பு அதிகம்) ஏத்திவிடும். மத்த பயிருக்கு இது பரவாயில்லாம இருக்கலாம், உருளைக்கு ஆகாது. பிஹெச் 5.2-க்குக் கீழ இருந்தா சொறி கிருமி பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும், மேல போகப் போக ஆட்டம் போடும், மட்காத பச்சை எரு வேற அதுக்கு துணை. நடுறதுக்கு முன்னாடி என் மண்ணோட பிஹெச் 5.3, இப்போ அந்தப் பாத்தி 6.7. இன்னொண்ணு, மட்காத எருவோட சுண்ணாம்பு, சாம்பலைக் கலந்தா அதுல இருக்கிற நைட்ரஜன் அம்மோனியாவா காத்துல பறந்துடும், மிஞ்சினதை வைக்கோலை மட்க வைக்கிற நுண்ணுயிரே எடுத்துக்கும், செடிக்கு என்ன கிடைக்கும்? அடி இலை மஞ்சளாச்சுன்னு நான் போன் பண்ணினப்ப "இன்னும் ரெண்டு மூட்டை போடுங்க"ன்னு சொன்னீங்களே, அதை என்னன்னு சொல்றது.

பொட்டாஷுக்காகத்தான் (சாம்பல் சத்து) சாம்பல் கலந்தோம்னு சொல்வீங்க. ஒரு டன் கிழங்கு மண்ணுல இருந்து 5-6 கிலோ பொட்டாஷ் எடுத்துட்டுப் போகும், தேவைதான், இல்லைங்கல. அதுக்கு சுரங்கத்துல வெட்டியெடுக்கிற இயற்கை பொட்டாசியம் சல்பேட் இருக்கே, பிஹெச்சை ஏத்தாது, இயற்கை விவசாயத்துக்கும் அனுமதி உண்டு. விலை கூடன்னு விட்டுட்டீங்க போல.

இப்போ அந்த மண்ணோட பிஹெச்சை இறக்க கந்தகத் தூள் போட்டா மாசக்கணக்குல ஆகும், நடுவுல பசுந்தாள் உரத்துக்கு சணப்பு விதைச்சு மடக்கி உழணும், அந்தச் செலவும் என் தலையிலதான்.

எனக்கு வேண்டியது: வாங்கின எல்லா மூட்டைக்கும் முழுப் பணம், இந்த பேட்ச்சோட லேப் ரிப்போர்ட் (தழை மணி சாம்பல் சத்து, பிஹெச், கார்பன் நைட்ரஜன் விகிதம்), இனிமே மூட்டை மேல என்னென்ன கலந்திருக்குன்னு அச்சடிக்கணும். உருளைக்கிழங்கு படத்தையும் எடுத்துடுங்க, அதைப் பார்த்துதான் வாங்கினேன்.

ஒரு மூட்டை சீல் உடைக்காம வச்சிருக்கேன். ஆள் அனுப்பினா என் முன்னாடியே சாம்பிள் எடுத்துக்கலாம். பில், ரெண்டு பாத்தி கிழங்கு போட்டோ, மண் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாம் இதோட இணைச்சிருக்கேன்.

இப்படிக்கு,
உங்க கஸ்டமர்